கோர்ட்டுக்குப் பிறகு

கவுன்சிலின் கடைசிப் பதில் வந்த அன்று இறால் நிறையக் கிடைத்திருந்தது. வெண்டியின் கணவன் நெவில் காலையில் டிராக்டரோடு கரையேறி, முற்றத்துக் கொப்பரையில் அவித்துக் கொட்டிவிட்டுத் தூங்கப் போயிருந்தான். சமையலறை மேசையில் பழுப்புப் பொடி இறால் குன்றாகக் கிடந்தது. இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீர் கோத்திருந்தது.

வெண்டியும் பக்கத்து வீட்டு டோரீனும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தார்கள். தலையையும் வாலையும் பிடித்து உள்பக்கமாக ஒரு தள்ளு, ஒரு திருகு, ஒரு இழுப்பு. ஓடு வாளிக்கு, நகத்தளவு சதை கிண்ணத்துக்கு. கிரேசாண்ட் என்ற அந்தக் கடலோர ஊரில் பிறந்தவர்களின் கைக்கு இது யோசனை இல்லாமல் வரும்.

தபால் கதவின் துளை வழியாக உள்ளே விழுந்தது.

"நீங்க பிரிச்சுப் படிங்க. என் கை ஈரம்," என்றாள் வெண்டி.

"என் கை மட்டும் காஞ்சா கிடக்கு?" டோரீன் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடினாள். அது தலையிலேயே இருந்தது. உறையைக் கிழித்து, உதட்டை அசைத்து முதலில் தனக்குள் படித்தாள். பிறகு சத்தமாகப் படித்தாள்.

"'தாங்கள் எழுப்பியுள்ள விஷயங்கள் தத்தெடுப்பு வழக்கில் நீதிமன்றத்தின் முன் இருந்தவை. ஆகவே அவற்றை எமது புகார் நடைமுறையின் கீழ் பரிசீலிக்க இயலாது.' அப்படின்னா?"

"முடியாதுன்னு அர்த்தம்."

"முடியாதுங்கறதுக்கு ரெண்டு பக்கமா?"

வெண்டி அடுத்த இறாலை எடுத்துத் திருகினாள்.

ஐலா வெண்டியின் தங்கை கெர்ரியின் மகள். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, குழந்தைகள் நலனைப் பார்க்கும் உள்ளூர்க் கவுன்சில் எடுத்துப் போனது. அதைத் தவறென்று வெண்டி ஒருநாளும் சொன்னதில்லை. அப்போது கெர்ரி இருந்த நிலையில் அவளிடம் ஒரு பூனையைக்கூட விட்டுவைக்க முடியாது. வெண்டியும் நெவிலும் போய், குழந்தையை எங்களிடம் கொடுங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்றார்கள். பார்க்கிறோம் என்றது கவுன்சில். பார்த்தது. சரிப்படாது என்று கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தது. ஐலா வேறொரு ஊரில் வேறொரு தம்பதிக்கு மகளாகிப் போனாள். எந்த ஊர், எந்தத் தம்பதி என்று இவர்களுக்குத் தெரியாது. இப்போது அவளுக்கு வயது ஐந்து.

"விட்டுடு கண்ணு," என்றாள் டோரீன். "இனிமே திருப்பியா கொடுக்கப் போறாங்க?"

"திருப்பிக் கேக்கல டோரீன். அவ அந்த வீட்டுப் பொண்ணு. அது எனக்குத் தெரியும்."

"பின்ன என்ன வேணும் உனக்கு?"

"பதினெட்டு வயசானா அவ ஃபைலைக் கேட்டு வாங்கலாம். வாங்குவா. நானா இருந்தா வாங்குவேன். அதுல என்ன இருக்கும்? பெரியம்மாவும் பெரியப்பாவும் வரச் சொன்ன நேரத்துக்கு வரலை, வேலைதான் அவங்களுக்குப் பெருசுன்னு இருக்கும். அதைப் படிச்சிட்டு அவ என்ன நினைப்பா?"

டோரீன் கண்ணாடியைக் கழற்றித் தலையில் ஏற்றினாள். ஒரு பிடி இறாலைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்க அக்கா மகன் குறைதீர்ப்பாளருக்கு எழுதினான். கவுன்சிலுக்கு மேல இருக்கறவங்க. ஒரே வருஷம்தான்."

"என்ன கேட்டு எழுதினான்?"

"சாக்கடை அடைப்பு."

"சரியாச்சா?"

"ஜம்முனு ஓடுது."

வெண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலையே எழுதிப் போட்டாள்.

*

வடமேற்கு இங்கிலாந்தின் அந்த விரிகுடாவில் கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான். கிரேசாண்டில் படகு கிடையாது. டிராக்டருக்குப் பின்னால் வண்டியைக் கட்டி, வலையை ஏற்றிக்கொண்டு, ஈர மணலில் மைல் கணக்கில் போய், தண்ணீர் நிற்கும் ஓடைகளில் இழுத்துவிட்டு, கடல் திரும்புவதற்குள் கரைக்கு வந்துவிட வேண்டும்.

ஆகவே அங்கே வீடுகளில் இரண்டு நேரம் உண்டு. கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை ஆண்டு முழுவதும் குளிர்கால நேரத்தில்தான் அச்சாகும். வசந்தத்தில் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கும். கடல் தள்ளிவைக்காது. அதனால் நெவிலின் கைக்கடிகாரமும் சமையலறைக் கடிகாரமும் தள்ளப்படுவதில்லை. கடைக்கோ டாக்டரிடமோ போவதென்றால் மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வார்கள். பழகியவர்களுக்கு அது கணக்கே இல்லை.

ஐலாவைக் கேட்ட அந்த ஆண்டு, கவுன்சில் முதல் முறை கூப்பிட்டது ஜூலையில். பத்து மணிக்கு நகரத்து அலுவலகத்துக்கு இருவரும் வர வேண்டும். வெண்டி பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டாள். நெவில் கடலிலிருந்து நேராக வந்தான், அந்த ஒன்றைக் கூட்ட மறந்து. அவன் கடிகாரத்தில் பத்து அடிக்க இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. அந்த அலுவலகத்தில் பதினொன்று ஆகப்போகிறது. சமூகப் பணியாளர் மணியையும் பார்த்தாள், அவன் பூட்ஸையும் பார்த்தாள்.

இரண்டாவது முறை இந்தத் தவறு நடக்கக் கூடாது என்று வெண்டியே கணக்குப் போட்டாள். பத்து என்றால் நம் கடிகாரத்தில் ஒன்பது. வேனில் இருவரும் சேர்ந்தே போனார்கள். கதவு பூட்டியிருந்தது. தட்டினார்கள். காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. ரத்து செய்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று திரும்பினார்கள். வற்றம் நெவிலுக்காகக் காத்திருக்காது.

அது அக்டோபர் கடைசி வாரம். நாடு முழுக்கக் கடிகாரம் முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் பின்னால் வந்திருந்தது. இரண்டு நேரமும் ஒன்றாகியிருந்தது. அவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விட்டிருந்தார்கள்.

அன்று மதியம் வெண்டி ஃபோன் செய்து விளக்கினாள். மறுமுனையில் இருந்தவள் கேட்டுக்கொண்டாள். எழுதிக்கொண்டாளா என்பது தெரியாது. அறிக்கை அந்த வாரமே கோர்ட்டுக்குப் போய்விட்டது.

*

குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டவள் பெயர் இமெல்டா க்வின். அயர்லாந்துப் பேச்சு. வெண்டி அடுப்பில் வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தாள். ஜாதிபத்திரியும் மிளகும் போட்டாகிவிட்டது. இனி இறாலைக் கொட்டிக் கிளற வேண்டும், விட்டால் கருகிவிடும். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் திட்டில் வைத்தாள். நெவில் முற்றத்துக் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"மிசஸ் ரிக்பி, முதல்ல கெட்ட சேதியைச் சொல்லிடறேன்."

"நல்ல சேதியும் இருக்கா?"

"இப்போதைக்கு இல்ல."

"நேர்மையான பொம்பளை," என்றான் நெவில்.

"யாரு அது?"

"என் வீட்டுக்காரர். அவர் பேசினா கண்டுக்காதீங்க."

க்வின் சிரித்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "கவுன்சில் கோர்ட்டுக்குக் கொடுத்த அறிக்கை, அதுல எழுதினது, எழுதாம விட்டது, அங்கே யார் என்ன பேசினாங்க, இது எதையும் நாங்க தொட முடியாது. சட்டமே எங்களைத் தடுக்குது. எனக்கு மனசு இருக்கா இல்லையாங்கற பேச்சுக்கே இடமில்ல."

"அறிக்கை தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தாலும். அதை ஜட்ஜ் முன்னாடி மறுத்திருக்கணும்."

"ஜட்ஜ் முகத்தையே நாங்க பார்க்கலயே. நாங்க வழக்குல கட்சிக்காரங்க இல்ல, உள்ள வரக்கூடாதுன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க."

"உங்க தங்கச்சியோட வக்கீல் கேட்டிருக்கலாம்."

"என் தங்கச்சி அன்னிக்கு எங்க கிடந்தான்னு அவளுக்கே தெரியாது."

"எங்களையும் சேர்த்துக்கோங்கன்னு நீங்களே மனு போட்டிருக்கலாம்."

"போடலாம்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க," என்றாள் க்வின். "அதுவும் வழக்கோட சேர்ந்த விஷயம்தான். அதையும் என்னால பார்க்க முடியாது. மன்னிச்சிடுங்க."

நெவில் கதவிலிருந்து நிமிர்ந்தான். "அப்ப கோர்ட்டுக்குள்ள அவங்க என்ன பண்ணினாலும் கேக்க ஆளில்லையா?"

"ஜட்ஜ் கேக்கலாம்."

"ஜட்ஜுக்குத் தெரியாதே!"

"ஆமா," என்றாள் க்வின். "நான் மறுக்கல."

வெண்டி இறாலைக் கொட்டினாள். வெண்ணெய் சீறியது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கிளறினாள். க்வின் ஃபோனை வைத்துவிடவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோர்ட்டெல்லாம் முடிஞ்ச பிறகு கவுன்சிலோட உங்களுக்கு ஏதாவது பேச்சு இருந்ததா?"

"என்ன பேச்சு? கார்டு போட்டுட்டு இருக்கேன். அவ்வளவுதான்."

"என்ன கார்டு?"

"பிறந்தநாளுக்கு ஒண்ணு. கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு. கவுன்சில் விலாசத்துக்குப் போடணும். அவங்க பிரிச்சுப் பார்த்துட்டு அந்த வீட்டுக்கு அனுப்புவாங்களாம். தத்து எடுத்தவங்க அதுக்குச் சம்மதிச்சிருக்காங்க, வருஷத்துக்கு ஒரு தடவை அவங்களும் எழுதுவாங்கன்னு அங்கே இருந்த ஒரு அம்மா சொன்னாங்க."

"எழுதினாங்களா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"வேணாம்னு நினைச்சிருப்பாங்க. நான் குத்தம் சொல்லல. அவங்க குழந்தை."

"கவுன்சிலைக் கேட்டீங்களா?"

"ரெண்டு தடவை. விசாரிச்சுச் சொல்றோம்னாங்க."

"சொன்னாங்களா?"

"இல்ல."

"மிசஸ் ரிக்பி, இதை ஏன் புகார்ல எழுதல?"

வெண்டி கரண்டியோடு திரும்பினாள். "இது புகாரா? இது என் மனசுக் கஷ்டம்."

"இது கோர்ட்டுக்குப் பிறகு நடந்தது," என்றாள் க்வின். அவள் குரல் மாறியிருந்தது. "இதை நான் பார்க்கலாம்."

அதற்கு அவள் ஒரு நிபந்தனையும் சொன்னாள். இப்போதைய புகாரை மூடிவிட வேண்டும். புதிதாக ஒன்று, முதலில் கவுன்சிலுக்கு, அவர்கள் கைவிரித்தால் அவளுக்கு. அதில் அறிக்கை வரக்கூடாது. அந்த இரண்டு சந்திப்பும் வரக்கூடாது. கடிகாரம் வரக்கூடாது. வந்தால் மறுபடியும் இதே கதவில்தான் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஃபோன் அணைந்ததும் வெண்டி அடுப்பை அணைத்தாள்.

"கடிகாரம் வரக்கூடாதாம்," என்றாள்.

நெவில் இறால் சட்டியை எட்டிப் பார்த்தான். "அடி பிடிச்சிருச்சு, புள்ள."

"பிடிச்சா பிடிக்கட்டும்."

அடிப்பிடித்ததை அன்று இரவு இருவரும் ரொட்டியில் வைத்துத் தின்றார்கள்.

*

ஒரு வாரம் அவள் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் ஜூலையும் அக்டோபரும்தான் வந்தன. அந்தப் பூட்டிய கதவு வந்தது. கார்டைப் பற்றி எழுத இரண்டு வரிக்கு மேல் இல்லை.

சனிக்கிழமை நெவிலோடு அவளும் மணலுக்குப் போனாள். அவன் கூட்டாளிக்கு இடுப்புப் பிடிப்பு. மேற்கிலிருந்து தூறல் சாய்வாக அடித்தது. டிராக்டர் பெரிய ஓடைவரை போய் நின்றது. நெவில் இறங்கிக் கம்பால் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தான். போன வாரம் கல் மாதிரி இருந்த இடம் இந்த வாரம் கூழாக இருக்கும். திரும்பி வந்து ஏறிக்கொண்டான்.

வலை இழுபடும் நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"என் வாட்ச்தான்," என்றான் அவன், எஞ்சின் சத்தத்துக்கு மேலே.

"என்ன?"

"என் வாட்ச்னாலதான். ஊரெல்லாம் மாத்திக்குது. நான் மாத்தல."

"மாத்தியிருந்தா இந்நேரம் மணலுக்கு அடியில இருப்ப."

"விளையாடாத."

"ரெண்டாவது தடவை கணக்கு என்னோடது நெவில். நீ வண்டிதான் ஓட்டின."

அவன் டீயைக் குடித்தான். மூக்கு நுனியில் மழைத்துளி தொங்கியது.

"இத்தனை வருஷமா ஒருத்தன் வாயால அதைக் கேக்கணும்னு இருக்கு," என்றாள் வெண்டி. "'ஆமாம்மா, நீங்க வந்தீங்க. கதவு பூட்டியிருந்தது'ன்னு. அவ்வளவுதான். அதைச் சொல்லக் காசா, பணமா?"

"சொல்ல மாட்டாங்க."

"தெரியுது."

"கார்டு ஆறு போட்டியா, ஏழா?"

"ஏழு."

"அந்த ஏழும் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியணும்," என்றான் நெவில். "கடிகாரக் கதையைக் கேட்டா கோர்ட்டுங்கறான். கார்டு எங்கடான்னு கேட்டா என்ன சொல்வான்?"

"நீ கேளேன்."

"எனக்கு எழுத வராது. திட்டத்தான் வரும்."

"கிழட்டு நண்டு," என்றாள் வெண்டி. ஆனாலும் அவனை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். வலை கனக்கத் தொடங்கியிருந்தது.

அந்த வாரமே எழுதினாள். பத்து வரி. கடிகாரம் இல்லை.

*

கெர்ரி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். இருபத்தெட்டு வயது. விரிகுடாவின் எதிர்க்கரையில் ஒரு பேக்கரியில் வேலை. போதை ஊசியை விட்டு இது இரண்டாவது ஆண்டு. வரும்போது விற்காத ரொட்டி கொண்டுவருவாள், சாப்பிட்டுவிட்டு உரிக்க உட்காருவாள். அவள் கை வெண்டியின் கையைவிட வேகம்.

புதுப் புகாரைப் பற்றி அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னதும் கெர்ரியின் கை நின்றது.

"ஏழு கார்டா?"

"ஆமா."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"பதில் வராத கதையை என்னன்னு சொல்ல?"

கெர்ரி ஓட்டை வாளிக்குள் எறிந்தாள். "எனக்கும் எழுதலாம்னுதான் சொன்னாங்க. வருஷத்துக்கு ஒண்ணு. கையெழுத்துகூட வாங்கினாங்க."

"எழுதினியா?"

"என்னன்னு எழுத? 'அன்புள்ள ஐலா, உன்னைத் தொலைச்சவ எழுதறேன்'னா?"

"தொலைச்சவதான் எழுதணும்னு இல்ல. இப்ப இருக்கிற கெர்ரி எழுதலாம்."

"அவளை எங்கேக்கா அந்தக் குழந்தைக்குத் தெரியும்?" கெர்ரி எழுந்து கையைக் கழுவினாள். "நீ எழுது. நீ நல்லவ. உனக்கு எழுதத் தகுதி இருக்கு."

"ஏய், அப்படிப் பேசினா ரொட்டியைத் தூக்கி மூஞ்சியில அடிப்பேன்."

"நேத்து ரொட்டி. வலிக்கும்."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் கெர்ரி அன்று வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

*

கவுன்சில் வழக்கம்போல விசாரிப்பதாகச் சொல்லி இழுத்தது. க்வின் தலையிட்டாள். இலையுதிர்காலம் போய்ப் பனி வந்தது. இறால் ஆழத்துக்குப் போய்விட்டது. நெவில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் க்வின் மறுபடி கூப்பிட்டாள்.

"உட்கார்ந்திருக்கீங்களா?"

"உருளைக்கிழங்கு தோல் சீவிட்டிருக்கேன்."

"கத்தியைக் கீழ வைங்க."

தபால்களைக் கைமாற்றும் வேலையில் இருந்தவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்த இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. வந்ததெல்லாம் ஓர் அலமாரிக்குள் போயிருக்கிறது. கார்டுகள் ஏழும் அங்கேதான் இருந்தன.

"அவங்களுக்குப் போகவே இல்லையா?" என்றாள் வெண்டி.

"போகல. அது மட்டும் இல்ல. கீழ்த்தட்டுல அவங்க உங்களுக்கு எழுதினது மூணு இருந்தது."

வெண்டி கத்தியைக் கீழே வைத்திருக்கவில்லை. இப்போது வைத்தாள்.

"அவங்க எழுதினாங்களா?"

"வருஷா வருஷம். உங்ககிட்ட இருந்து பதில் இல்லைன்னு போன வருஷம் அவங்களும் கவுன்சிலைக் கேட்டிருக்காங்க. உங்களுக்கு வேணாம்போலன்னு நினைச்சாங்களாம்."

நெவில் வலையூசியோடு உள்ளே வந்தான். வெண்டியின் முகத்தைப் பார்த்து, "யாரு செத்தா?" என்றான்.

"யாரும் சாகல. இரு."

"தப்பு கவுன்சில் மேலன்னு முடிவு எழுதறேன்," என்றாள் க்வின். "மன்னிப்புக் கேக்கணும். எல்லாத்தையும் உடனே அனுப்பணும். அந்த வேலைக்கு ஆள் போடணும். ஆள் போட்டுட்டாங்க, ஜெரோம்னு ஒரு பையன். மிசஸ் ரிக்பி, இன்னொண்ணு. இந்த முடிவோட நகலை ஐலாவோட ஃபைல்ல வைக்கச் சொல்லியிருக்கேன். கார்டு ஏழோட நகலும். பழைய அறிக்கையை என்னால எடுக்க முடியாது. ஆனா அவ அதைப் படிக்கிற அன்னிக்கு இதையும் படிப்பா."

வெண்டி நன்றி சொன்னாள். சொன்னது ஃபோனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. நெவில்தான் ஃபோனை எடுத்து, "நீங்க இந்தப் பக்கம் வந்தா இறால் தர்றோம்" என்றான். அப்படியெல்லாம் வாங்கக் கூடாது என்றாள் க்வின்.

மன்னிப்புக் கடிதத்தைப் பெரிய அதிகாரி கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார். டோரீன்தான் படித்தாள்.

"ஒரே பக்கம்!" என்றாள். "இப்பத்தான் சுருக்கமா எழுதக் கத்துக்கிட்டிருக்காங்க."

"கடிகாரத்தைப் பத்தி?" என்று கேட்டான் நெவில்.

"ஒண்ணும் இல்ல."

"நானும் அதைக் கேக்கலயே," என்றாள் வெண்டி. அவள் அந்தக் காகிதத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மற்ற மூன்று உறைகளையும் எடுத்தாள். அவற்றை அவளேதான் படித்தாள். ஐலா நடந்தாள். ஐலாவுக்கு நாய் என்றால் பயம், இடி என்றால் பயமில்லை. ஐலா முட்டையின் வெள்ளையைத் தின்பாள், மஞ்சளைத் தின்னமாட்டாள். எழுதியவள் தன் பெயரை ஜில் என்று மட்டும் போட்டிருந்தாள்.

*

ஜனவரியில் நான்காவது கடிதம் வந்தது. ஏழு கார்டையும் ஒன்றாகப் பிரித்த நாளைப் பற்றி ஜில் எழுதியிருந்தாள். ஐலா அவற்றைத் தரையில் வரிசையாக வைத்து, வரிசையை மாற்றி, மறுபடி வைத்தாளாம். கடைசியில் ஒரு கேள்வி.

'பள்ளியில் நீச்சல் தொடங்கியிருக்கிறது. அவள் காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் ஒட்டியிருப்பதைப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் அவள் தினமும் கேட்கிறாள், இந்த மாதிரிக் கால் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று. எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?'

வெண்டி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு செருப்பை உதறி, காலுறையைக் கழற்றி, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, வாத்துக் காலு," என்றான் நெவில். "கல்யாணத்துக்கு முன்னாடி இதை மறைச்சிட்டல்ல."

"நீ முகத்தை மறைக்கலயே, அதுவே தப்பு." அவள் ஃபோனை எடுத்துக் கவுன்சிலைக் கூப்பிட்டாள்.

ஜெரோம் இளம் குரல். விதிகளை அவன் அடுக்கிவைத்திருந்தான். "படம் அனுப்பலாம் மேடம். முகம் தெரியக்கூடாது. ஊர்ப் பேர் கூடாது. கடைப் பலகை, கார் நம்பர் எதுவும் கூடாது."

"கால்?"

"கார்தான் மேடம், கார் நம்பர்."

"கார் இல்லப்பா, கால். என் கால். வெறுங்கால்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "கால் பத்தி ஒண்ணும் போடல மேடம்."

"எத்தனை கால்னு?"

"அதுவும் போடல."

"அம்மாவோட கால் இருந்தா? பெத்தவளோட கால்?"

அவன் சற்று நேரம் தேடினான். "அவங்க பேர்ல அனுமதி இருக்கு. ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு. யாரும் பயன்படுத்தல, அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை கெர்ரி வந்தாள். வெண்டி ஜில்லின் கடிதத்தை அவள் முன்னால் வைத்து, காலைப் படம் எடுக்கும் யோசனையையும் சொல்லிவிட்டு டீ போட எழுந்தாள். திரும்பியபோது கெர்ரி படித்து முடித்திருந்தாள். அழவில்லை. குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எடுக்க வேணாம்," என்றாள் கெர்ரி. "தரைவிரிப்பு அசிங்கமா இருக்கு."

"நான் ஒரு விரிப்பு வெச்சிருக்கேன் பாரு, ராணியே வந்தாலும் பூட்ஸைக் கழட்ட மாட்டா," என்றாள் வெண்டி. "வா, வெளிய போவோம்."

மணல் எந்த ஊரிலும் மணல்தான். அதற்கும் ஜெரோம் தடை சொல்லவில்லை.

கடல் வற்றியிருந்தது. காற்றில் உப்பும் பனியும். கரையை ஒட்டிய ஈர மணலில் இருவரும் காலுறையைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். கெர்ரி ஒற்றைக் காலில் குதித்தாள்.

"செத்தேன்! செத்தேன்! சீக்கிரம் எடு மாமா!"

"அசையாம நில்லுங்கடி. நாலு காலையும் ஒரே நேரத்துல பிடிக்க முடியல."

"காலை நீலமாக்கிட்டுத்தான் எடுப்பான் போலிருக்கு," என்றாள் வெண்டி. "குழந்தை பயந்துடும்."

நெவில் தன் நிழல் விழாமல் சுற்றிவந்து எடுத்தான். இன்னொன்று எடுத்தான். வெண்டி வேன் படியில் உட்கார்ந்து காலைத் துண்டால் அழுத்தித் தேய்த்தாள். கெர்ரியின் காலுறையை நீட்டினாள்.

கெர்ரி வாங்கவில்லை. தான் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணல் இளகலாக இருந்ததால் தடம் சரியாக விழவில்லை, ஓரமெல்லாம் சரிந்திருந்தது. அவள் நான்கடி தள்ளிப் போய், மணல் இறுகியிருந்த ஓரிடத்தைத் தேடி, வலது காலைப் பதித்து, முழு எடையையும் அதில் போட்டு நின்றாள். பிறகு மெல்ல எடுத்தாள். பெருவிரல், அடுத்து ஒட்டிய இரண்டும் ஒரே அகலப் பள்ளமாக, அப்புறம் சின்னவை இரண்டு.

"மாமா," என்றாள். "இதையும் எடு. இதுதான் என்னோடதுன்னு எழுதணும். நானே எழுதறேன்."

நெவில் குனிந்து எடுத்தான்.